32 வயதில் இடுப்பு மூட்டு மாற்று: மலையில் இருக்கும் ஆட்களுக்குச் சரிவருமா?

கேள்வி, 9 ஜூன் 2024

பதுளைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வயது 32. பள்ளிக்கூட நாளில் இருந்தே கிரிக்கெட், இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் மென்பந்து ஆட்டம். ஒரு வருடமாகத் தொடை இடுக்கில் வலி, அது முழங்கால் வரைக்கும் இறங்கும். முழங்கால் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தோம். இப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் செத்துவிட்டது, உருண்டை நசுங்கத் தொடங்கிவிட்டது, மூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் டொக்டர். வீட்டில் எல்லோரும் அது அறுபது வயது ஆட்கள் செய்யும் ஒப்பரேஷன், இப்போது செய்தால் பத்து வருடத்தில் கழன்றுவிடும், பொறு என்கிறார்கள். சின்ன வயதில் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மேடு பள்ளத்தில் நடக்க முடிகிறதா?

9 ஜூன் 2024, இரவு

நான் இருக்கிறேன் தம்பி. கொட்டகலைப் பக்கம், பாடசாலை ஆசிரியை, பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறவள். 34 வயதில் வலது இடுப்பு மாற்றியாயிற்று. உங்களுக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு. எனக்குப் பிறவியிலேயே இடுப்புக் குழி ஆழம் குறைவு. கைக்குழந்தையாக இருக்கும்போதே பிடித்திருந்தால் காலை விரித்து வைக்கும் பட்டி போட்டே சரியாக்கியிருக்கலாமாம், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதையெல்லாம் யார் பார்த்தது, "கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள்" என்பதோடு விட்டுவிட்டார்கள். ஆழமில்லாத குழியில் ஓரத்திலேயே பாரம் விழுந்து விழுந்து, முப்பது தாண்டும்போது குருத்தெலும்பு போய் எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்துவிட்டது. போய்ச் சேர்ந்த இடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்தப் பத்து வருடக் கதை. எனக்கும் ஊர் முழுக்க இதைத்தான் சொன்னது. 2019 இல் லான்செட் மருத்துவ இதழில் பெரிய கணக்கு ஒன்று வந்தது: வைத்த இடுப்பு மூட்டுகளில் 15 வருடத்துக்குப் பிறகு சுமார் 89%, 20 வருடத்துக்குப் பிறகு 70%, 25 வருடத்துக்குப் பிறகு 58% இன்னும் அதே மூட்டுதான், மாற்றவில்லை. அதிலும் 25 வருடம் ஓடியவை எல்லாம் 1990களிலும் அதற்கு முன்னும் வைத்தவை, குழிக்குப் பழைய வகைப் பிளாஸ்டிக். இப்போது வைப்பது அதைவிட மிகக் குறைவாகத் தேயும்.

ஆனால் முழுதாகச் சந்தோஷப்படாதீர்கள். அந்தக் கணக்கில் இருப்பவர்களில் அநேகம் பேர் வயதானவர்கள், ஓடி ஆடாதவர்கள். 2017 இல் அதே இதழில் இடுப்பும் முழங்காலும் சேர்த்துப் பார்த்து வந்த இன்னொரு ஆய்வுப்படி, 70 வயதுக்கு மேல் மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறுபடி செய்ய வேண்டி வருவது சுமார் 5%தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு அது 35% வரை போகிறது, பெண்களுக்கு 20% அளவில். அப்போ 32 வயதில்? கூடத்தான் இருக்கும். ஒரு தடவையோடு முடியாது என்று நினைத்துக்கொண்டே போங்கள். பத்து வருடம் என்ற இலக்கத்தை மட்டும் தூக்கிப் போடுங்கள்.

10 ஜூன் 2024

நேற்று கேட்காமல் விட்டது. ஏன் வந்தது என்று டொக்டர் சொன்னாரா? தொடை எலும்புத் தலை இப்படிச் சாவதற்கு அதிகமாகக் காரணமாகிறது ஸ்டெரொய்ட் மருந்து, அடுத்தது குடி, அடுத்தது எப்போதாவது அந்த இடம் முறிந்திருந்தால் அல்லது மூட்டு விலகியிருந்தால். ஆஸ்துமாவுக்கோ தோல் வருத்தத்துக்கோ நீண்ட நாள் குளிசை எடுத்தீர்களா? ஊசி போட்ட மாதிரி ஒரே நாளில் வலியைப் பறக்க வைக்கிற பெயர் தெரியாத தூள்கள் விற்கிறார்களே, அவற்றில் சிலதில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கும். குடியைப் பற்றி நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம், டொக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

மற்ற இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வியாதி இரண்டு பக்கமும் வருவது சாதாரணம். நசுங்குவதற்கு முன்னால் பிடித்தால் எலும்பில் துளை போட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் சின்னச் சிகிச்சை உண்டு. நசுங்கிய பக்கத்துக்கு அதில் பெரிய பலன் இல்லை, ஆனால் மற்றப் பக்கம் இன்னும் உருண்டையாக இருந்தால் அதைக் காப்பாற்றலாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்கள், அதிலேயே இரண்டு பக்கமும் இருக்கும், கேளுங்கள்.

16 ஜூன் 2024

"பொறு" என்று சொல்வதைப் பற்றி. நான் பொறுத்தேன். கொஞ்சம் என் விருப்பத்தில், மிச்சம் நாட்டு நிலைமையில், 2022 இல் மருந்து இல்லாமல் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் எல்லாம் தள்ளிப்போனது எல்லோருக்கும் தெரியும். பொறுத்த காலத்தில் என்ன நடந்தது என்றால், வலிக்கிற காலில் பாரம் போடாமல் மற்றக் காலிலேயே நடந்து நடந்து அந்த முழங்காலும் நோக ஆரம்பித்தது, முதுகு வளைந்தது, பிட்டத்துத் தசை கரைந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. இரவில் திரும்பிப் படுக்க முடியாது. பாடசாலைக்கு ஏறும் படியில் பிள்ளைகள் எனக்காக நின்று நின்று போகும், அது எனக்கு வலியைவிடக் கோபம்.

மூட்டை மாற்ற ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கரைந்த தசையைத் திரும்ப வளர்க்க அதைப்போல எத்தனையோ மடங்கு காலம். இன்றைக்கும் களைத்துப் போனால் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறேன். அது மூட்டின் குறை இல்லை, பொறுத்ததன் வட்டி.

இதை எழுதும்போது அம்மா ஞாபகம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். ஒரு நாளைக்கு 18, 20 கிலோ, அதுவும் சரிவில், ஒரு கால் மேலே ஒரு கால் கீழே. ஐம்பது வயதுக்கு முன்னமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வாதம் என்றார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை, வீட்டில் சித்தாலேப தைலம். ஒரு எக்ஸ்ரே கூட எடுத்ததில்லை. என்ன வியாதி என்று இனித் தெரியப் போவதும் இல்லை. "ஓடி ஆடுகிற இளம் வயதுக்காரர்" என்றால் எல்லோரும் விளையாட்டு வீரரைத்தான் நினைக்கிறோம், இந்த மலையில் உடம்பால் அதிகம் உழைக்கிற இளம் வயதுக்காரர் கூடையோடு நிற்கிறார். அவருக்கு யாரும் அறுபது வரை பொறு என்று சொல்வதும் இல்லை, வலிக்கிறது என்று அவர் வாய் திறந்தால்தானே.

18 ஜூன் 2024

கக்கூஸ் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள், பொதுவிலேயே சொல்கிறேன், இதில் என்ன வெட்கம்.

பெரும்பாலும் பின்பக்கமாகத் திறந்துதான் செய்வார்கள். அப்படியென்றால் முதல் 6 முதல் 12 வாரத்துக்கு மூன்று விஷயம் கூடாது. முழங்கால் இடுப்பைவிட மேலே வரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. மூன்றையும் சேர்த்துச் செய்தால் உருண்டை குழியைவிட்டு விலகிவிடும். குந்தி இருக்கும் கக்கூஸ் இந்தச் சட்டத்துக்கு நேர் எதிரி. சம்மணம் போட்டு உட்காருவதும் கோயிலில் தரையில் இருப்பதும் அப்படியே.

எங்கள் வீட்டில் கக்கூஸ் வெளியே, படி இறங்கிப் போக வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன்னால் அண்ணன் இரண்டு வேலை செய்து தந்தார். ஆசாரியிடம் சொல்லி நடுவில் துளை விட்ட உயரமான மர நாற்காலி ஒன்று, அதைக் குழிக்கு மேலே வைக்கலாம். படி ஓரமாக இரும்புக் குழாயில் கைபிடி ஒன்று. கடையில் வாங்கும் கொமோட் நாற்காலி நல்லதுதான், ஆனால் அதன் கால்கள் எங்கள் கக்கூஸுக்குள் நுழையவில்லை. முதலில் அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். வைத்தியசாலையில் தந்த தாளில் எல்லாம் சமதரை வீடு, உள்ளேயே குளியலறை, கதவோரம் கார். இங்கே ரோட்டில் இருந்து வீட்டுக்கு மண்படி, மழையில் அது எண்ணெய் போலக் கிடக்கும். அந்தத் தாளை எழுதினவர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து போகட்டும்.

இப்போது குந்துகிறீர்களா என்று கேட்டால், கொஞ்சம் தாழ்வாக உட்காருவேன், முழுதாகக் குந்துவதில்லை. என் டொக்டர் பிறகு கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார், பயத்தை எடுக்கவில்லை. முன்பக்கமாகத் திறந்து செய்தால் இந்தக் கட்டுப்பாடுகள் குறைவு, அதை எல்லா இடத்திலும் செய்வதில்லை.

30 ஜூன் 2024

த்ரீவீல். எழுத மறந்தேன். அதன் பின் சீட் தாழ்வு, முழங்கால் நெஞ்சுக்கு வரும். வைத்தியசாலையில் இருந்து த்ரீவீலில் வீட்டுக்கு வரும் யோசனை இருந்தால் விடுங்கள். வேனில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு தலையணை போட்டு உயர்த்தி, முதலில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். வழுக்கும் பொலித்தீன் பை ஒன்றைச் சீட்டில் விரித்தால் திரும்புவது இலகு.

14 ஜூலை 2024

மாத்தளை அண்ணன் எழுதியதற்கு. "கண்டுபிடித்தவனே சின்ன ஆட்களுக்கு வைக்காதே என்றான்" என்கிறீர்கள். அண்ணன், அதில் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

இன்றைக்கு வைக்கிற மூட்டின் அப்பா இங்கிலாந்தில் சேர் ஜோன் சார்ன்லி. முதலில் குழிக்கு டெஃப்லோன் வைத்தார், அதுதான், ஒட்டாத சட்டிக்குப் பூசுகிறது. வழுவழுப்பு இருக்கிறது, ஆனால் சீக்கிரமே தேய்ந்து, தூள் உள்ளே போய் எலும்பையே அரித்து, வைத்த மூட்டுகளை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அந்த மனிதர் டெஃப்லோன் தூளையும் புதிய பிளாஸ்டிக் தூளையும் தன் தொடையிலேயே ஏற்றிப் பார்த்தவர். 1962 இல்தான் பொலிஎதிலீன் என்ற அந்தப் பிளாஸ்டிக் குழிக்கு மாறினார், அதுதான் நிலைத்தது. இப்படிச் சூடுபட்டவர் வயதானவர்களுக்கு மட்டும் வையுங்கள் என்று சொன்னது நியாயம்தானே. அவர் காலத்துப் பிளாஸ்டிக்கும் தேயத்தான் செய்தது. அந்தத் தூளை விழுங்க வந்த உடம்பின் செல்கள் பக்கத்து எலும்பையும் சேர்த்துக் கரைக்கும், மூட்டு ஆட்டம் காணும். "பத்து வருடத்தில் கழன்றுவிடும்" என்ற பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1990களின் கடைசியில் கதிர் பாய்ச்சி இறுக்கின பொலிஎதிலீன் வந்தபிறகு தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சின்ன வயது ஆட்களுக்கு இப்போது அநேகமாகச் சிமெந்து போடாமல், சொரசொரப்பான டைட்டேனியத்தை எலும்புக்குள் இறுக்கி அடித்து எலும்பையே அதைப் பிடித்து வளரவிடுகிறார்கள், உருண்டைக்குச் செரமிக். என்னுடையதும் அதுதான். செரமிக்கோடு செரமிக் வைத்தால் இன்னும் குறைவாகத் தேயும், ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வருமாம். வகுப்பில் பின்னால் போய் நின்று காப்பி அடிக்கிறவனைப் பிடிக்க முடியாது, வேண்டாம் என்றேன்.

4 ஆகஸ்ட் 2024

டென்னிஸ் வீரர் அண்டி முர்ரே இந்த வாரம் பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றுவிட்டார், உடனே எல்லோரும் இங்கே அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். 2019 ஜனவரியில் இடுப்பில் உலோகம், அதே வருடம் ஒக்டோபரில் அன்ட்வேர்ப்பில் ஒற்றையர் பட்டம். உண்மைதான், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அவருக்குச் செய்தது முழு மாற்று இல்லை. தொடை எலும்பின் தலையை வெட்டாமல் செதுக்கி, மேலே உலோகத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து, குழிக்கும் உலோகம் வைப்பது. எலும்பு மிஞ்சுவதால் பிறகு மாற்றுவது இலகு, விளையாட்டுக்காரர்களுக்கு விருப்பம். பெண்களுக்கு அநேகமாக இதைச் செய்வதில்லை, எங்கள் எலும்புத் தலை சின்னது, உலோகத்தோடு உலோகம் உரசி வரும் துகள் பிரச்சினையும் அதிகம். பதுளைத் தம்பி, உங்களுக்கும் சரிவருமா என்பது சந்தேகம், தலையே செத்து நசுங்கியிருக்கும்போது தொப்பியை எதன்மேல் கவிழ்ப்பது? டொக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. முர்ரேக்கு இருந்த பிசியோ கூட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

என் வலைப்பந்து என்ன ஆனது என்று கேட்டவருக்கு: குதித்து விழுகிற ஆட்டத்தை விட்டுவிட்டேன். பழக்குகிறேன், நடுவராக நிற்கிறேன். நீச்சல், நடை, சைக்கிள் எல்லாம் ஆம். ஓடலாமா என்பதில் டொக்டருக்கு டொக்டர் வேறு பேச்சு, என்னுடையவர் "பஸ்ஸைப் பிடிக்க ஓடு, பதக்கத்துக்கு ஓடாதே" என்றார்.

8 செப்டம்பர் 2024

காசு. அரசாங்க வைத்தியசாலையில் வார்டும் சத்திரசிகிச்சையும் இலவசம், ஆனால் மூட்டை வெளியில் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் வந்தது. அரசாங்க உத்தியோகம் என்பதால் அக்ரஹார காப்புறுதியில் ஒரு பங்கு கிடைத்தது. மிச்சத்துக்குச் சீட்டு எடுத்து, இரண்டு வளையலை அடகு வைத்தேன். தம்பி, நீங்கள் தனியார் வேலை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். டொக்டரின் கடிதம், விலைப் பட்டியல், வருமானச் சான்று எல்லாம் சேர்த்து, ஒப்பரேஷன் திகதிக்கு முன்னாலேயே போட வேண்டும், முடித்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு போய் நிற்காதீர்கள். வருமானச் சான்றுக்குக் கிராம சேவகரை ஒரே தடவையில் கண்டுபிடிக்க முடிந்தால் அன்றைக்கே லொத்தர் சீட்டு ஒன்றும் எடுத்துவிடுங்கள்.

20 ஒக்டோபர் 2024

எந்த மாதத்தில் செய்வது என்ற கேள்விக்கு ஜனவரி என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அது ஹட்டன், மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கத்துக்கு. இங்கே மே தொடங்கிப் பல மாதம் மழையில் ஊறிக் கிடக்கும், ஜனவரி, பெப்ரவரி, மார்ச்தான் படி காய்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கதை தலைகீழ், ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை உங்களுக்குத்தான் மழை, ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை வெயில். ஊன்றுகோலோடு நடக்கும் வாரங்கள் காய்ந்த காலத்தில் விழுகிற மாதிரி திகதி கேளுங்கள். கிடைத்தால். கிடைக்காவிட்டால் ஊன்றுகோலின் அடி ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள், தேய்ந்த ரப்பர் ஈரச் சிமெந்தில் நிற்காது.

அப்புறம் அட்டை. ஒப்பரேஷன் முடித்து வந்த கொஞ்ச நாளில் வாசலில் நின்றேன், கணுக்காலில் ஏறிவிட்டது. குனியக்கூடாது, காலைத் தூக்கிக் கிட்டே கொண்டுவரவும் கூடாது. ஊன்றுகோல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தேன், அது பிடித்த பிடியில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னவன் வந்து உப்புத் தூவினான், அதற்குள் அது வயிறு நிறைந்து தானே விழுகிற நிலைமை. இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடுகிற நாட்கள் வேறு, கடித்த இடம் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒரு நீளக் குச்சி நுனியில் துணி சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் அந்தத் தாளில் இல்லை.

17 நவம்பர் 2024

மயக்கம் கொடுப்பார்களா, தெரியுமா, கேட்குமா என்கிறார் பண்டாரவளையில் இருந்து ஒரு தங்கை.

எனக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். தூங்கவும் மருந்து கொடுப்பார்கள், நான் அரைத் தூக்கம். வலி இல்லை, ஆனால் சத்தம் கேட்டது, அறுக்கிறார்கள், கடைகிறார்கள், டைட்டேனியத்தை எலும்புக்குள் இறக்கச் சுத்தியலால் அடிக்கிறார்கள், அச்சுஅசல் தச்சுப்பட்டறைதான். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேசையில் நகரும். பயப்படுகிற ஆள் என்றால் நன்றாகத் தூங்க மருந்து தரச் சொல்லுங்கள். அடுத்த நாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். இரவெல்லாம் கால்களுக்கு நடுவே தலையணை, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்று தாதி மிஸ்ஸிமார் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

படிக்குச் சட்டம் ஒன்று: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒப்பரேஷன் கால் முதலில். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறியதும் அது எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். எல்லோரும் நோகிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்.

ஒன்றுக்கு மனதைத் தயார்படுத்துங்கள் தங்கை. நின்றதும் ஒப்பரேஷன் கால் நீளமாகிவிட்டது போல இருக்கும். எனக்கு ஒரு வாரம் அழுகை. உண்மையில் வருடக்கணக்காகக் கட்டையாக இருந்த கால் இப்போதுதான் சமமாகியிருந்தது, இழுபட்ட தசைக்கும் மூளைக்கும் அது விளங்க மாதக்கணக்கு எடுத்தது. நிஜமாகவே நீளம் கூடிப் போவதும் சிலருக்கு உண்டு, அதை அளந்துதான் சொல்ல முடியும்.

பிள்ளை பெறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெறலாம். மூட்டு மாற்றியதால் மட்டும் வயிற்றை வெட்ட வேண்டும் என்று இல்லை. பிரசவ டொக்டரிடம் எந்த அளவுக்குக் காலை மடக்கலாம் என்று முதலே சொல்லி வையுங்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், என் அம்மா சொன்ன பதில் இங்கே எழுதும் மாதிரி இல்லை.

19 ஜனவரி 2025

சிவனொளிபாதமலை. போய் வந்துவிட்டேன். டொக்டர் அனுமதியோடு, நல்லதண்ணிப் பக்கமாக, மாலையிலேயே தொடங்கி, ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் உட்கார்ந்து. 5500 படி என்கிறார்கள், உயரம் 2243 மீற்றர். வெறுங்காலோடு ஒரு பாட்டி "மக, தள்ளிப் போ" என்று என்னைத் தாண்டிப் போனார். உச்சியில் மேகம், சூரியன் உதித்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

ஏறும்போது இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது தொடையும் முழங்காலும் நடுங்கியது, அதுவும் பல வருடம் பாரம் சுமந்த நல்ல கால்தான் அதிகம். மூட்டு உறுதி, அதைச் சுற்றியுள்ள தசைதான் போதாது. போக நினைக்கிறவர்கள் மாதக்கணக்கில் படி ஏறி இறங்கிப் பழகிவிட்டுப் போங்கள். பொலிஎதிலீனை நினைத்து நான் அடிக்கடி போகப் போவதில்லை.

2 பெப்ரவரி 2025

என்னுடைய முதல் குறிப்பை இன்றைக்குத் திரும்ப வாசித்தேன். இலக்கங்களைக் கொட்டித் தைரியமாக எழுதியிருக்கிறேன். இரவில் தூக்கம் வராவிட்டால் வேறு கணக்கு ஓடுகிறது, 59 வயதில் எனக்கு 25 வருடம் ஆகிவிடும், அப்போது மூட்டு ஆட்டம் கண்டால் மறுபடி திறப்பது முதலாவதைவிடக் கஷ்டம், எலும்பு குறைந்திருக்கும், விலகும் ஆபத்தும் கிருமி பிடிக்கும் ஆபத்தும் அதிகம், அப்போது அண்ணனும் கிழவன், குழாய்க் கைபிடி யார் போடுவது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படியும் அறுபதை நினைத்து முப்பதுகளைப் படுக்கையில் கழிக்க என்னால் முடியாது. மாத்தளை அண்ணன் இதற்கும் பதில் எழுதுவார், எழுதட்டும்.

27 ஜூலை 2025

பதுளைத் தம்பி வீடு வந்துவிட்டார், வெயில் காலத்திலேயே திகதி கிடைத்தது. மற்றப் பக்கமும் ஆரம்ப நிலையில் இருந்ததாம், அதற்குத் துளை போட்டிருக்கிறார்கள். அந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று டொக்டர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும், என் அனுபவம் அதற்கு உதவாது.

கேட்டதற்கு வரிசையில்லாமல் பதில். அம்மா காயத்தில் எண்ணெய் தடவித் தேய்க்கட்டுமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம், காயம் ஆறும் வரை அந்தப் பக்கமே கை போகக்கூடாது. காயத்தில் இருந்து தண்ணீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ தோட்டத்தில் குளிசை வாங்கிப் போடாமல் நேரே வார்டுக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், இரவென்றும் பார்க்க வேண்டாம். பல் கழற்றும் வேலை இருந்தால் மூட்டு வைத்திருப்பதைப் பல் டொக்டரிடம் சொல்லுங்கள். விமான நிலையத்தில் மணி அடிக்கும், கடிதம் கொண்டு போனாலும் தடவித்தான் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிள் இப்போதைக்கு இல்லை.

கிரிக்கெட்? முதலில் ஸ்கோர் எழுதுங்கள். அப்புறம் ஸ்லிப்பில் நிற்கலாமா என்று கேட்கிறீர்கள், ஸ்லிப்பில் குனிந்துதான் நிற்க வேண்டும் தம்பி. டெஸ்ட் மெட்ச் பார்த்துக்கொண்டு ஒரே இருப்பாக இருக்காமல் ஓவர் இடைவெளிகளில் எழும்பி நடங்கள்.